சொதிக்குத் தாங்காத தாள் பப்பாசிக்குத் தாங்கும்

மாங்குளத்தில் இருந்து கிளிநொச்சி வரை ஏ9 வீதியோரத்துச் சாப்பாட்டுக்கடை எதிலாவது மத்தியானப் பார்சல் கட்டுவதைப் பாருங்கள். கீழே பத்திரிகைத் தாள், அதன்மேல் ஒரு சீற், அதற்குமேல் ஆவி பறக்கும் சோறு, பருப்பு, ஒரு மரக்கறி, மீன்குழம்பு. சொதி தனியாக ஒரு சின்னப் பையில். இந்தச் சீற்றுக்கு வேலை அரை மணித்தியாலம், கூடிப்போனால் இரண்டு மணித்தியாலம். அது பொலித்தீனாக இருந்தால், அது மண்ணோடு மண்ணாவதை இருந்து பார்க்க எங்களில் ஒருவருக்கும் ஆயுசு போதாது.

பொலித்தீன் லஞ்ச் சீற் இலங்கையில் 2017 செப்டம்பர் 1 முதல் தடை. அந்த ஆண்டு ஏப்ரலில், சித்திரைப் புதுவருட நாளில், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பது பேருக்கு மேல் செத்துப்போன பிறகுதான் அரசாங்கத்துக்கு வேகம் பிறந்தது. றெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் அதே தடையில் அடங்கியது. 2021 மார்ச்சில் 20 மில்லிலீற்றருக்கு மேற்படாத சின்னச் சசே பைக்கற்றுகளையும் தடுத்தார்கள். ஆனால் உணவுக்கும் மருந்துக்கும் விலக்குக் கொடுத்தார்கள். சட்டம் வந்தது சரி, சீற் போனபாடில்லை. போகச் சொன்னால் அதற்குப் பதிலாக என்ன என்பதற்கு விலையிலும் வசதியிலும் ஒத்துவரும் விடை இல்லை.

அந்த இடத்தில்தான் உண்ணக்கூடிய உறை என்ற பேச்சு வருகிறது. மாப்பொருளிலோ புரதத்திலோ செய்த மெல்லிய தாள். அதைப் பலப்படுத்த உமி, இறால் கோது போன்றவற்றில் இருந்து எடுத்த நனோத் துணிக்கைகள். வேலை முடிந்ததும் மண்ணில் உக்கிவிடும், வேண்டுமானால் தின்றும்விடலாம். மூலப்பொருள் பட்டியலை வாசித்தால் வன்னி ஆட்களுக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். உமி, மரவள்ளி, பனங்கிழங்கு, இறால் கோது, தேன்மெழுகு எல்லாம் இங்கே காலில் இடறுகிற சாமான். ‘அப்போ நாங்களே செய்யலாமே?’ என்ற கேள்வி இயல்பானது. செய்யலாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் சோற்றுப் பார்சலுக்காக அல்ல. முதலில் தாளாகக்கூட அல்ல. பழத்தின் தோலில் பூசுகிற பூச்சாக. ஏன் என்று பார்ப்போம்.

பனாட்டும் ஒரு தாள்தான்

உண்ணக்கூடிய தாள் ஆய்வுகூடத்தில் பிறந்த சாமான் இல்லை. ஆடி, ஆவணியில் பனம்பழம் விழத் தொடங்க, களியைப் பிசைந்து பிழிந்து, துணியில் வடித்து, பந்தலில் விரித்த பாயில் மெல்லிசாகப் பரவி வெயிலில் காயவிடுவார்கள். அடுத்த நாள் அதன்மேல் இன்னொரு பூச்சு. இப்படிப் படை படையாக ஏறி வருவதுதான் பனாட்டு. அதில் முதல் நாள் படையை மட்டும் தனியாக உரித்து எடுத்தால் கையில் இருப்பது பெக்ரின் தாள். பனங்களியில் இருக்கும் பெக்ரின் என்ற பசைப்பொருள் நீண்ட சங்கிலியாகப் பின்னிக்கொள்கிறது. களியில் உள்ள சீனி தண்ணீரைக் கொஞ்சம் பிடித்து வைத்து, தாள் முறியாமல் வளையச் செய்கிறது.

உண்ணக்கூடிய தாள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். ஒன்று, சங்கிலியாகப் பின்னக்கூடிய ஒரு பொருள்: மாப்பொருள், பெக்ரின், கடற்பாசியில் எடுக்கும் அல்ஜினேற், பாலில் உள்ள கேசின், எலும்பிலும் தோலிலும் எடுக்கும் ஜெலற்றின். இரண்டு, அதை இளக்கமாக வைத்திருக்கும் ஒன்று: பெரும்பாலும் கிளிசரோல். மூன்றாவது தண்ணீர், அது காய்ந்து போகவேண்டும், ஆனால் முற்றாகப் போய்விடக்கூடாது. மருந்துக் குளிசையின் ஜெலற்றின் கூடு, சொசேச்சின் தோல், சீனத்து ‘வைற் றபிற்’ மிட்டாயில் நாக்கில் கரைந்துபோகும் மெல்லிய உள்தாள் எல்லாம் இந்தக் குடும்பம்.

ஆய்வுகூடத்தில் செய்வதும் ஏறக்குறைய சமையல்தான். 100 மில்லிலீற்றர் தண்ணீரில் ஐந்து கிராம் அளவு மரவள்ளி மாப்பொருளைக் கரைத்து, கிளறிக்கொண்டே 70, 80 பாகை வரை சூடாக்குகிறார்கள். வெள்ளையாக இருந்த கரைசல் அறுபதைத் தாண்டியதும் திடீரென்று கண்ணாடிபோல் தெளிந்து கொழகொழவென்று வரும். மாப்பொருள் மணிகள் ஊதி வெடித்து உள்ளே இருந்த அமைலோசு என்ற நீண்ட சங்கிலி வெளியே வந்த நேரம் அது. மாப்பொருளின் எடையில் கால்வாசியோ கொஞ்சம் கூடவோ கிளிசரோல் சேர்த்து, மட்டமான தட்டில் ஊற்றி, 40, 50 பாகையில் இரவு முழுக்க உலர்த்தினால் காலையில் உரித்து எடுக்கலாம். தடிப்பு 0.1 மில்லிமீற்றர் அளவு. வெளிச்சத்துக்குப் பிடித்தால் பொலித்தீன் என்றே சொல்வீர்கள். கிளிசரோல் குறைந்திருந்தால் மடிக்க முறியும். கூடியிருந்தால் விரலில் ஒட்டும். நன்றாக வந்த தாளும் சில கிழமைகள் இருந்தால் முறுகத் தொடங்கும், ஏனென்றால் பிரிந்த சங்கிலிகள் மெல்ல மெல்லத் திரும்ப அடுக்காகிக் கொள்கின்றன. பழைய பாண் வரள்வதும் இதே காரணத்தால்தான்.

தண்ணீர்தான் எதிரி

பொலித்தீனுக்குத் தண்ணீர் பிடிக்காது. மாப்பொருளுக்குத் தண்ணீர் என்றால் உயிர். சங்கிலியின் நீளம் முழுக்கத் தண்ணீரைக் கவரும் ஐதரொட்சைல் கூட்டங்கள் இருக்கின்றன. அதனால் நீராவியைத் தடுக்கும் திறனில் மாப்பொருள் தாள் பொலித்தீனை விட நூறு மடங்குக்கு மேல் மோசம். இழுவையிலும் அப்படித்தான். பொலித்தீன் இழுக்க இழுக்கத் தன் நீளத்தைப் போல் பல மடங்கு நீளும்; இது பெரும்பாலும் தன் நீளத்தில் பாதிகூட நீள்வதற்குள்ளேயே கிழிந்துவிடும்.

ஒரு விடயத்தில் மட்டும் ஆட்டம் தலைகீழ். காற்றில் ஈரம் குறைவாக இருக்கும்போது ஒட்சிசனைத் தடுப்பதில் மாப்பொருள், புரதத் தாள்கள் சாதாரணப் பொலித்தீனை மிஞ்சும். பொலித்தீன் தண்ணீரை மறிக்குமே தவிர ஒட்சிசனைத் தாராளமாக உள்ளே விடும். எண்ணெய்க் கசிவுக்கும் மாப்பொருள் தாள் நல்ல தடை. இந்த இரண்டு குணங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும்.

ஆனால் ஈரம் ஏறினால் கதை முடிந்தது. ஆய்வுக் கட்டுரைகளில் தாளைச் சோதிக்கும் அறையில் பெரும்பாலும் 25 பாகை வெப்பம், 50 சதவீத ஈரப்பதன். ஆனி, ஆடியில் சோளகம் அடிக்கும்போது வன்னிப் பகல் அந்த ஈரப்பதனுக்குக் கிட்ட வரும். ஐப்பசி பிறந்து மாரி தொடங்கினால் ஈரப்பதன் எண்பது, தொண்ணூறு. இரணைமடு வான் பாயும் நாட்களில் உப்பே கரைந்து ஒழுகும்போது மாப்பொருள் தாள் எம்மாத்திரம்? அது தண்ணீரை உறிஞ்சி ஈரத்துணியாகத் தொய்ந்துவிடும். அதற்குள் சுடுசோறும் சொதியும் வைத்தால் அது உறையாக இருக்காது, குழம்பின் ஒரு பகுதியாகிவிடும். லஞ்ச் சீற்றுக்கு மாற்று என்று யாராவது ஒரு தாளைக் கொண்டுவந்தால் வேறு கருவி எதுவும் வேண்டாம், ஒரு அகப்பை சொதியை ஊற்றிக் கால்மணி நேரம் பார்த்தால் போதும்.

நனோத் துணிக்கை என்ன செய்கிறது

ஒரு மீற்றரை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நனோமீற்றர். நூறு நனோமீற்றருக்கு உட்பட்ட துணிக்கைகளைத்தான் இந்தப் பெயரில் சொல்கிறோம். தலைமயிர் ஒன்றின் தடிப்பு 80,000 நனோமீற்றர் அளவில் வரும் என்றால் மிச்சத்தை ஊகிக்கலாம்.

மண்வீடு கட்டியவர்களுக்கு இதன் பாதி விளங்கும். சேற்றில் வைக்கோல் போட்டு மிதித்தால்தான் சுவர் வெடிக்காது. வெடிப்பு ஓடும் வழியில் வைக்கோல் குறுக்கே நின்று இழுத்துப் பிடிக்கும். தாளுக்குள் அந்த வேலையைச் செய்வது நனோச் செலுலோசு. உமியிலும் வைக்கோலிலும் உள்ள செலுலோசு நார்களுக்குள்ளே ஒழுங்காக அடுக்கிய பளிங்குப் பகுதிகள் உண்டு. அமிலம் கொண்டு நொய்ந்த பகுதிகளைக் கரைத்துவிட்டால் மிஞ்சுவது ஊசி வடிவப் பளிங்குகள்: அகலம் ஐந்து முதல் இருபது நனோமீற்றர், நீளம் சில நூறு. இவையும் மாப்பொருளும் ஒரே இனத்துச் சங்கிலிகள் என்பதால் ஐதரசன் பிணைப்பால் இறுகப் பிடித்துக்கொள்ளும். மாப்பொருள் தண்ணீரைப் பிடிக்க நீட்டிய கைகளில் ஒரு பகுதியை இந்த ஊசிகள் பிடித்துக்கொண்டால், தண்ணீருக்குக் கிடைப்பது குறையும்.

மற்றப் பாதி வழியைச் சுற்றாக்குவது. தாளின் ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் போக வரும் நீராவி மூலக்கூறு, துணிக்கை எதிர்ப்பட்டால் அதைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். துணிக்கை தட்டையாக இருந்தால் சுற்று இன்னும் நீளம். களிமண்ணில் உள்ள மொன்ற்மொரிலனைற்று இதற்குப் பேர்போனது. அதன் தகடு ஒவ்வொன்றும் ஒரே ஒரு நனோமீற்றர் தடிப்பு. களிமண் தகட்டை நைலோனில் கலந்து பலப்படுத்தலாம் என்று ஜப்பானில் டொயோட்டா ஆய்வாளர்கள் 1980களின் கடைசியில் காட்டிய பிறகுதான் இந்தத் துறை முழுவதும் சூடு பிடித்தது.

கூடப் போட்டால் கூடப் பலன் என்று நினைக்கவேண்டாம். பெரும்பாலான தாள்களில் மூன்று முதல் ஐந்து சதவீதம் வரைதான் பலன் ஏறும். அதைத் தாண்டினால் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். கட்டி இருக்கும் இடத்தில் தாள் கிழியும், நீராவியும் அதே வழியால் போகும். இத்தனையும் ஒழுங்காக வந்தாலும் நீராவித் தடை பொலித்தீனுக்குக் கிட்டப் போகாது. நூறு மடங்கு பின்தங்கிய ஒன்று ஐம்பது மடங்குக்கு வந்தால் ஆய்வாளருக்கு அது வெற்றி. பார்சல் கட்டுகிறவருக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

தண்ணீரை உண்மையாகவே விரட்டும் இயற்கைச் சாமான் மெழுகு. குளத்துத் தாமரை இலை அதற்குச் சாட்சி. அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுகள், அந்த மேடுகளின் மேல் நனோ அளவு மெழுகுக் குழாய்கள். தண்ணீர்த் துளி அவற்றின் முனைகளில் மட்டும் தொட்டு நிற்பதால் உருண்டு ஓடுகிறது என்பதை ஜெர்மன் தாவரவியலாளர்கள் பார்த்லொட்டும் நைன்ஹுயிசும் 1997இல் விளக்கினார்கள். வன்னிக் காட்டுத் தேன் எடுப்பவர்களிடம் தேன்மெழுகுக்குக் குறைவில்லை. அதைக் கடைந்து மாப்பொருள் கரைசலில் சேர்த்தால் தாள் ஈரத்தை ஓரளவு மறிக்கும். ஆனால் தேன்மெழுகு 62, 64 பாகையில் உருகிவிடும். பானையில் இருந்து நேரே அள்ளிய சோறு அதைவிடச் சூடு. மறுபடியும் பார்சல் தோற்றது.

உமி, கோது, காஸ்டிக் சோடா

நூறு கிலோ நெல்லைக் குத்தினால் இருபது கிலோ அளவு உமி. அந்த இருபதில் ஏழு கிலோ செலுலோசு. எரித்தால் நாலு கிலோ சாம்பல். சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. காலபோக அறுவடை முடிந்து ஆலைகள் ஓடும் மாதங்களில் பரந்தன், கிளிநொச்சி, வவுனியா ஆலைகளின் பின்பக்கம் உமி மலையாகக் கிடக்கும். நெல் அவிக்கவும் செங்கல் சூளைக்கும் கொஞ்சம் போகும், கொஞ்சம் கோழிக்கூட்டுக்குப் போகும், மிச்சத்துக்கு யாரோ நெருப்பு வைப்பார்கள்.

சாம்பலில் இருந்து சிலிக்கா எடுப்பது கேட்க இலேசு. ஆனால் எந்தச் சாம்பல் என்பதில்தான் காரியம். 500 முதல் 700 பாகைக்குள் எரிந்த உமியில் சிலிக்கா உருவமற்ற நிலையில் இருக்கும். உணவில் கட்டிபடாமல் இருக்கச் சேர்க்கும் சிலிக்காவும் அந்த வகைதான். வெப்பம் அதற்கு மேல் போனால் அது பளிங்காக மாறத் தொடங்கும், பளிங்குச் சிலிக்காத் தூசு நுரையீரலுக்குக் கூடாது. சூளையில் எரிந்த சாம்பலில் எந்தப் பிடி எத்தனை பாகையில் எரிந்தது என்று சூளைக்காரருக்கே தெரியாது. சூளைச் சாம்பலை அள்ளிக்கொண்டு உணவுத் தாள் செய்யப் புறப்படுவது வேண்டாத வேலை.

செலுலோசு ஊசிகளுக்கு வழி இன்னும் நீளம். உமியைக் காஸ்டிக் சோடாவில் அவித்து, நார்களை ஒட்டிவைத்திருக்கும் லிக்னினையும் சிலிக்காவையும் பிரிக்கவேண்டும், வெளிற்றவேண்டும், பிறகு 64 சதவீத சல்பூரிக் அமிலத்தில் 45 பாகையில் முக்கால் மணி நேரம் அளவு வைக்கவேண்டும், பத்து மடங்கு தண்ணீர் விட்டு நிறுத்தவேண்டும், கழுவவேண்டும், திரும்பக் கழுவவேண்டும். ஒரு கிலோ பளிங்கு கையில் வரும்போது பக்கத்தில் அமிலத் தண்ணீர் தொட்டி தொட்டியாக நிற்கும். அதை எங்கே ஊற்றுவது? கழிவுநீருக்கு வழி பார்க்காமல் ‘பசுமை உறை’ என்று தொடங்கினால், பொலித்தீனைத் தவிர்க்கப் போய் வயல் வாய்க்காலைக் கெடுத்த கதையாகிவிடும். அமிலம் இல்லாமல் அரைத்தே நனோ நார் எடுக்கும் முறையும் உண்டு. அதற்கு மின்சாரக் கட்டணம் அழவேண்டும்.

இறால் கோதிலும் இதே சிக்கல்தான், ஆனால் பலன் கூட. நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் இறாலும் பூநகரி நண்டும் துப்புரவாக்கும் இடங்களில் கோது நாறிக்கொண்டிருக்கும். உலர்ந்த கோதில் 20 முதல் 30 சதவீதம் கைற்றின், கோதுக்கு உறுதி கொடுக்கும் சங்கிலிப் பொருள். மிச்சம் சுண்ணாம்பும் புரதமும். ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் சுண்ணாம்பு கரையும், ஐதான காஸ்டிக் சோடாவில் புரதம் போகும். பிறகு 40, 50 சதவீதக் காஸ்டிக் சோடாவில் நூறு பாகைக்குக் கிட்டச் சூடாக்கினால் கைற்றின் கைற்றோசானாக மாறும். இந்தக் கைற்றோசான் மற்றவை போல் வெறும் நிரப்பி இல்லை. இலேசான அமிலத்தில் கரைத்தால் அது நேர்மின்னேற்றம் கொள்ளும். பக்டீரியாவின் மேற்பரப்போ எதிர்மின்னேற்றம் உள்ளது. கைற்றோசான் அதில் ஒட்டி மென்சவ்வைக் குழப்பிவிடும். பூஞ்சணங்கள் பலவற்றையும் அடக்கும். தானே தாளாகும், தானே நனோத் துணிக்கையாகவும் ஆகும்.

இரண்டுக்கும் பொதுவாகக் காஸ்டிக் சோடா வேண்டும். ஆனையிறவு உப்பை எடுத்துப் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் காஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த காலம் ஒன்று இருந்தது. உமியும் கோதும் மட்டும் அல்ல, அவற்றைப் பிரிக்கும் இரசாயனமும் ஒரே மாவட்டத்துக்குள் கிடைத்த நாட்கள் அவை. யுத்தத்தோடு அது நின்றது. ஆனையிறவில் உப்பு திரும்ப விளைகிறது. காஸ்டிக் சோடா இன்றைக்கும் லொறியில்தான் வருகிறது.

எங்கே பொருந்தும்

முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கிக் கும்பிட்டு, கச்சான் வாங்காமல் ஏ9 வழியே போகிறவர்கள் குறைவு. மணலில் வறுத்த கோதுக் கச்சானுக்கு உறை ஒரு பிரச்சினையே இல்லை, கோதே உறை. உரித்து உப்புப் போட்ட பருப்புத்தான் கஷ்டம். கச்சானில் ஏறக்குறைய பாதி எண்ணெய். ஒட்சிசன் பட்டால் காறல் வாடை வரும், ஈரம் பட்டால் நமுத்துப்போகும். முன்னே சொன்ன இரண்டு குணங்களும் இங்கேதான் வேலைக்கு வருகின்றன. ஒட்சிசனையும் எண்ணெயையும் மறிக்கும் தாள் உள்ளே, ஈரத்தை மறிக்கும் ஏதாவது வெளியே. கச்சான் பருப்பில் நேரடியாகவே புரதப் பூச்சுக் கொடுத்துக் காறலைத் தள்ளிப்போடும் முறை உலகில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் மாரி காலத்தில் வெளியுறை இல்லாமல் நடக்காது; வெளியுறை பொலித்தீன் என்றால் எதற்கு இந்தப் பாடு என்று கடைக்காரர் கேட்பார், கேட்பதும் நியாயம்.

பப்பாசிதான் எனக்குப் படும் சரியான இடம். வவுனியாவிலும் கிளிநொச்சிப் பக்கத்திலும் ‘றெட் லேடி’ இனத்துப் பப்பாசியை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், பழத்தில் ஒரு மஞ்சள் கீறு விழும் நேரம் பிடுங்கியாகவேண்டும். பத்திரிகையில் சுற்றி லொறியில் ஏற்றினால் தம்புள்ளைக்கோ கொழும்புக்கோ போய்ச் சேர்வதற்குள் மூன்று காரியம் நடக்கும். பழம் மூச்சு விட்டுக்கொண்டே பழுக்கும். தோலால் தண்ணீர் போகும். எடையில் எட்டு சதவீதம் அளவு போனாலே பழம் றப்பர்போல் தொய்ந்து விலைபடாது. மூன்றாவது அந்திரக்னோசு. காயாக இருக்கும்போதே தோலுக்குள் புகுந்து ஒளிந்திருந்த பூஞ்சணம் பழுக்கும் நேரம் பார்த்து வட்ட வட்டமாகக் குழி விழுத்தும். இலங்கையில் பழம், மரக்கறிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் அறுவடைக்குப் பின் வீணாகிறது என்பது பல காலமாகச் சொல்லப்படும் கணக்கு.

ஒரு சதவீதம் கைற்றோசானை ஐதான அசற்றிக் அமிலத்தில், வினாகிரிக்குள் இருக்கும் அதே அமிலத்தில், கரைத்து, மிகக் குறைந்த அளவு நனோச் செலுலோசும் கொஞ்சம் கிளிசரோலும் சேர்த்துப் பழத்தை அதில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, காற்றாடிக்குக் கீழே உலர்த்தினால் தோலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படை நிற்கும். ஒட்சிசன் உள்ளே போவது குறையும், பழுக்கவைக்கும் எதிலீன் வாயுவின் சுரப்பு மந்தமாகும், பழுப்பது சில நாள் தள்ளிப்போகும். பூஞ்சணத்துக்கும் தடை. நனோத் துணிக்கை செய்வது படை வெடிக்காமல், எங்கும் ஒரே சீராக இருக்கவைப்பது. இங்கே தாளுக்கு வேண்டிய இழுவை வேண்டாம், சுடுசோறு இல்லை, சொதி இல்லை. பழத்துக்குப் பழம் தேவைப்படும் அளவோ மிகச் சிறிது; நனோச் செலுலோசு விலை கூடவாக இருந்தாலும் கட்டுப்படியாகும். ஆயிரக்கணக்கான மீற்றர் தாளை ஒரே தடிப்பில் உருட்டி எடுக்கும் யந்திரமும் வேண்டாம், ஒரு தொட்டியும் காற்றாடியும் போதும்.

கவனிக்கவேண்டியது படையின் தடிப்பு. கூடிப்போனால் பழத்துக்கு மூச்சு முட்டும், ஒட்சிசன் இல்லாமல் உள்ளே புளித்து மதுசார மணம் வரும், மேல் தோல் மட்டும் அழகாக இருக்கும். சந்தையில் ஒருமுறை அப்படி ஏமாந்த வியாபாரி அடுத்த முறை அந்தத் தோட்டத்துப் பக்கம் வரமாட்டார். 49 பாகை வெந்நீரில் இருபது நிமிடம் வைத்து எடுப்பது பப்பாசி அந்திரக்னோசுக்குப் பழைய, மலிவான வைத்தியம் என்பதையும் மறக்கக்கூடாது. புதுப் பூச்சு அதை வென்று காட்டவேண்டும், அல்லது அதோடு சேர்ந்து வேலைசெய்யவேண்டும்.

ஆள்பலம் இல்லாமலில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. அறுவடைக்குப் பின்னான தொழில்நுட்பத்துக்கென்றே அநுராதபுரத்தில் ஒரு தேசிய நிறுவனம் உண்டு; நனோத் துணிக்கைக்கு, 2008இல் தொடங்கி இப்போது ஹோமாகமையில் இயங்கும் ‘சிலின்ரெக்’ என்ற நனோத் தொழில்நுட்ப நிறுவனம். பரிசோதனையை 25 பாகை, 50 சதவீத அறையில் செய்யாமல் கார்த்திகை மாதத்து லொறியில் செய்தார்கள் என்றால் எனக்குத் திருப்தி.

பார்சலுக்கு? வாழையிலையும் தாமரை இலையும் இருக்கும் ஊரில் அதற்கு நனோ வேண்டுமா என்று கேட்கத்தான் தோன்றுகிறது. இலை தினமும் கடைக்கு வந்து சேரவேண்டும், துடைக்க ஆள் வேண்டும், கட்டும்போது கிழியும். அந்தச் சிரமம் உண்மைதான். அந்தச் சிரமத்துக்குக் கூலி கொடுப்பது, சொதி தாங்கும் உண்ணக்கூடிய தாளுக்குக் காத்திருப்பதை விட மலிவு.

தின்னப்போவது யார்

உண்ணக்கூடியது என்பதால் பார்சல் சுற்றிய தாளை நாங்கள் தின்னப்போவதில்லை. நாலு பேர் கைபட்டு, வீதித் தூசு படிந்த தாளை யாரும் வாயில் வைக்கமாட்டார்கள். வைக்கவேண்டும் என்றால் அதற்கு மேலே இன்னொரு உறை வேண்டும். தின்னப்போவது மாடு. வன்னியில் பட்டி மாடு வீதியோரமும் சந்தைப் பின்புறமும் மேயும். சோறும் குழம்பும் மணக்கும் சீற்றை அது சோறோடு சேர்த்தே விழுங்கும். பொலித்தீன் முதல் இரைப்பையிலேயே தங்கி, பந்தாக உருண்டு, மாடு மேயாமல் மெலிந்து சாகும். அம்பாறைப் பக்கம் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்ற யானைகளுக்கு நடந்ததும் அதுதான். மாப்பொருள் தாளை விழுங்கினால் மாட்டுக்கு அது தீனி. உண்ணக்கூடிய உறைக்கு வன்னியில் இதைவிட வலுவான நியாயம் எனக்குத் தெரியவில்லை.

கடையில் ‘உக்கும்’ என்று அச்சடித்து விற்கும் சீற் எல்லாவற்றுக்கும் இந்த நியாயம் பொருந்தாது. பொலித்தீனில் ஏதோ உப்பைச் சேர்த்து வெயிலில் துகள் துகளாக உடையச் செய்தவை உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் அந்த வகையை 2021இல் தடைசெய்தது. தாவரச் சீனியில் இருந்து செய்யும் பிஎல்ஏ பிளாஸ்டிக் போன்றவை உக்கும்தான், ஆனால் ஐரோப்பிய ஈஎன் 13432 தரம் கேட்பது 58 பாகை வெப்பம் உள்ள தொழிற்சாலைப் பசளைக் குவியலில் ஆறு மாதம். வீட்டுப் பின்வளவுக் கிடங்கில் அந்தச் சூடு வராது. மாப்பொருள், கைற்றோசான் தாள்களுக்கு அந்தச் சூடு தேவையில்லை, ஈர மண்ணில் சில கிழமைகளில் காணாமல் போய்விடும்.

கோயிலுக்குப் போகும் பழம்

இயற்கை என்றால் பாதுகாப்பு என்று ஆகிவிடாது. நமுத்த கச்சானில் வளரும் பூஞ்சணத்தின் அஃப்லரொட்சினும் இயற்கைதான், ஈரலைக் கெடுப்பதில் அதற்கு நிகர் கிடையாது. நனோச் செலுலோசு சமிபாடு அடையாமல் நார்ச்சத்துப் போல் வெளியேறிவிடும் என்றே இதுவரையான சோதனைகள் காட்டுகின்றன. ஆனாலும் ஒரு பொருள் நனோ அளவுக்கு வந்ததும் அதன் குணம் மாறலாம் என்பதால், ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்கவேண்டும் என்பது ஐரோப்பிய நடைமுறை. அங்கே உணவுப் பொதியில் சேர்மானத்தின் பெயருக்குப் பக்கத்தில் ‘நனோ’ என்று அச்சிடுவது 2014 டிசம்பர் முதல் கட்டாயம்.

எங்கள் பக்கத்தில் அதைவிட முதலில் எழும் கேள்வி வேறு. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒவ்வாமைக்குக் காரணம் கோதின் புரதம். நன்றாகச் சுத்திகரித்த கைற்றோசானில் அது மிச்சம் இருக்காது, அரைகுறையாகச் செய்ததில் இருக்கும். அடுத்தது சைவம். பூச்சுக் கொடுத்த வாழைப்பழம் சீப்புச் சீப்பாக வற்றாப்பளைப் பொங்கலுக்கும் போகும், கந்தசஷ்டி விரதகாரர் வீட்டுக்கும் போகும். தோலை உரித்துத்தானே சாப்பிடுகிறோம் என்று விளக்கம் சொல்லலாம். ஆனால் இறால் கோதில் செய்த பூச்சு என்று பிறகு தெரியவந்தால், அந்தத் தோட்டத்துப் பழத்தை அப்புறம் ஒருவரும் படையலில் வைக்கமாட்டார்கள். ஜெலற்றின் தாள் என்றால் மன்னார், முல்லைத்தீவு முஸ்லிம் கடைக்காரர் அது மாடா பன்றியா, ஹலாலா என்று கேட்பார்.

இதற்கு வழி இருக்கிறது. பூஞ்சணத்தின் கலச்சுவரிலும் கைற்றின் உண்டு. அஸ்பர்ஜிலஸ் நைஜர் என்ற பூஞ்சணத்தில் இருந்தும் காளானில் இருந்தும் எடுத்த கைற்றோசான் உலகச் சந்தையில் விற்கிறது. கோதில் எடுப்பதை விட விலை கூட. கோயில் பக்கம் போகக்கூடிய வாழைப்பழத்துக்கு அதுவோ பெக்ரினும் தேன்மெழுகுமோ, தூரச் சந்தைக்கு ஏறும் பப்பாசிக்குக் கோதுக் கைற்றோசான் என்று தொடக்கத்திலேயே பிரித்து, எந்தப் பெட்டியில் எது என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டுத்தாளில் எழுதிவிட்டால் பாதிப் பிரச்சினை வராது. எழுதுவதற்கு உமியும் வேண்டாம், அமிலமும் வேண்டாம்.